குருவி கொண்டுபோன பஞ்சு

நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு என் கணவர் தோட்டமே கதி என்று கிடந்தார். குளிர் விட்டதும் விதை போட மூலைப் பாத்தியை அவரே கொத்தினார்; என்னைக் கிட்டவே விடவில்லை.

"நீ உட்கார்ந்து குருவியைப் பாரும்மா."

பார்த்தேன். "ஏங்க, கூடு கட்டப் பஞ்சு கொண்டுபோகுது! எங்கேருந்துங்க?"

"எந்த வீட்டுத் தலையணை கிழிஞ்சுதோ!"

இருவரும் சிரித்தோம். மனுஷன் பிழைத்து வந்தாரே, அது போதும் என்றிருந்தது.

அவர் குளிக்கப் போனதும் குருவி மூலைப் பாத்தியில் இறங்கி, மண்ணிலிருந்து எதையோ இழுத்தது. நான் கிட்டே போனதும் போட்டுவிட்டுப் பறந்தது.

சிகரெட் பஞ்சு. மண்ணைக் கிளறினால், கை நிறையத் துண்டுகள்.

இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"குருவி வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. உங்களைப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுச்சு."