மாவிலைக்கு ஆறுதல் சொன்ன அக்கா

ஒரு மாவிலையின் முகம் முழுக்கக் கரி அப்பினாற்போல் கரும்பூசணம் படிந்துவிட்டது. வெயில் உள்ளே இறங்கவில்லை. வெயில் இல்லாமல் இலை எதைச் சமைக்கும்? அதை நம்பியிருந்த பிஞ்சு பசியில் சுருங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு நான் என்ன பண்ணினேன்?" என்று இலை அழுதது.

"உன்மேல எனக்கென்ன கோவம்? தினமும் இங்க இனிப்பு விழுது. தின்ன வந்தேன்," என்றது பூசணம்.

தோட்டக்காரர் மைதாக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்துத் தெளித்தார். கஞ்சி வெயிலில் காய்ந்து அப்பளமாய் உரிந்தபோது பூசணமும் அதோடு உதிர்ந்தது. இலை பளபளத்தது. பிஞ்சுக்கு நாலு வாய் சோறு போயிற்று.

ஒரு வாரத்தில் மறுபடியும் ஒரு கறுப்புப் புள்ளி. இலை குழம்பிப் போனது. கஞ்சியில் கோளாறா, காற்றில் கோளாறா? இல்லை, அந்தப் பிஞ்சுதான் கண் வைக்கிறதோ?

மேலே பூங்கொத்தில் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்த தத்துப்பூச்சி எட்டிப் பார்த்தது. "அடப் பாவமே, மறுபடியுமா கண்ணு? எந்தப் படுபாவி பண்றானோ! இந்தா, வாய்க்கு இனிப்பா ஒரு சொட்டு," என்று பின்புறத்தைத் தூக்கி ஒரு துளியை விழவிட்டது.

இலைக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை பெரிய மரத்தில் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

"நீங்களாவது இருக்கீங்களே அக்கா," என்று, ஒரு சொட்டும் வீணாகாதபடி முகத்தை இன்னும் அகலமாக விரித்துக் காட்டியது.

கறுப்புப் புள்ளி தன் சொந்தபந்தத்தைக் கூப்பிட்டது: "வாங்க, வாங்க. பரிமாற ஆரம்பிச்சாச்சு."