தைஹோவின் கதவுகள்

வரதராசா கப்பலின் மேல்தளத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

ரொம்சோஸ் மண்டபத்தில் புலம்பெயர்ந்த தமிழர்களின் கைவேலைக் கண்காட்சி. அவர் ஒட்டிச் செய்த மாதிரிக் கப்பல் தைஹோ, மேசை நீளத்துக்குக் கிடந்தது. ஜப்பான்காரனின் விமானந்தாங்கிக் கப்பல்.

எந்தக் குண்டுக்கும் அசையாது என்று மேல்தளம் முழுக்கக் கவசத் தகடு போட்டுக் கட்டினார்களாம். நீர்மூழ்கி விட்ட ஒரேயொரு டொர்பிடோ. அதுகூடக் கப்பலைத் தாழ்க்கவில்லையாம். உள்ளே பெற்றோல்தான் கசிந்தது. மணம் போகட்டும் என்று ஓர் அதிகாரி காற்றுவழிகளை எல்லாம் திறக்கச் சொன்னான். ஆவி கப்பல் முழுக்கப் பரவியது. எங்கோ ஒரு தீப்பொறி; கப்பல் வெடித்து மூழ்கியது.

சனம் உச்சுக் கொட்டியது.

அஜந்தா தொலைவிலுள்ள ஸ்தவாங்கர் நகரிலிருந்து வந்திருந்தாள். இந்தக் கப்பலைப் பற்றி வரதராசா பேசப்போகிறார் என்று அறிந்த அன்றே, அது எப்படி மூழ்கியது என்று தேடி வாசித்தாள். வாசித்த கையோடு விமான ரிக்கெற் போட்டாள்.

ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது வரதராசா வீட்டறையில் ஒரு பரல் நிறையப் பெற்றோல் ஒளித்து வைத்திருந்தார். ஒருநாள் அது கசிந்தது. சாக்குப் போட்டுத் துடைக்கப் போன அவளுடைய தம்பி எரிகாயப்பட்டுச் செத்தான். அவன் பீடி பற்றவைத்தான் என்று வரதராசா ஊரெல்லாம் சொன்னார். ஊர் நம்பியது. அப்பா அந்த வெட்கத்தோடேயே செத்தார்.

அறைக் கதவுகளை எல்லாம் திறந்துவிடச் சொன்னது வரதராசா அண்ணைதான் என்று சாகுமுன் ஆஸ்பத்திரியில் தம்பி அவளிடம் சொன்னான். ஒரு பெட்டைப் பிள்ளையின் பேச்சை எவர் கேட்டார்கள்?

கேள்வி கேட்பவர்களிடையே மைக் கைமாறி அவளிடம் வந்தது.

“அப்ப பிழை ஆரிலை, அண்ணை? பெற்றோலிலையோ, திறக்கச் சொன்னவனிலையோ?”

“திறக்கச் சொன்ன மடையனிலைதான். அதிலை என்ன சந்தேகம்?”

அவள் தம்பியின் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். பரலையும் கதவுகளையும் சொன்னாள்.

வரதராசாவின் முகம் வெளிறியது. அது வேறு கதை, பெடியன்தான் பீடி பற்றவைத்தவன் என்று தடுமாறினார்.

முன்வரிசையில் இருந்த அவருடைய மனைவி ராசமலர் எழுந்தாள். பேசாமல் இருக்கும்படி அவர் கை காட்டினார். கெஞ்சுவது போலிருந்தது.

“அவன் ஒண்டும் பத்த வைக்கேல்லை, பிள்ளை. விளக்கு என்ரை கையிலை இருந்தது. என்னைக் காப்பாத்தத்தான் இவர் அப்பிடிச் சொன்னவர்.”

அவளுடைய குரல் அடுத்த வரிசையைக்கூடத் தாண்டவில்லை.

அஜந்தா நடந்து போய் மைக்கை அவளுடைய வாய்க்கு நேரே பிடித்தாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ, அக்கா. பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை.”