சல்லிக்காசு செலவில்லாத ரம்பம்

மரத்தில் பூவேலை அறுக்கும் ரம்பம் பட்டணத்தில் யானை விலை. ஆம்பூர் தோல் மண்டிக் கணக்கப்பிள்ளை இருதயராஜ் விடுவாரா? தானே ஒன்று செய்துகொண்டார். மாமனார் சீதனமாகத் தந்த கடிகாரத்துக்கு, கொடியும் மயிலுமாக ஒரு தாங்கி அறுத்துச் சுவரில் மாட்டினார்.

மனைவி சலேத்மேரி பூரித்துப்போனாள். "எம்மாம் செலவாச்சு?"

"சல்லிக்காசு இல்ல. டீத்தூள் பெட்டிப் பலகை, ஒடஞ்ச நாற்காலிப் பிரம்பு. எல்லாம் வீட்டுல கெடந்ததுதான்."

"நாளைக்கு அப்பா வர்றாரு. பாத்து அசந்துடுவாரு!"

ஓடாமல் நின்றிருந்த கடிகாரத்தைத் தாங்கியில் வைத்துச் சாவி கொடுத்தாள். சாவி பிடிப்பில்லாமல் சுற்றியது. பின்கதவைத் திறந்தால், சுருள்வில்லைக் காணோம்.

"இன்னாங்க இது?"

இருதயராஜ் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கடிகாரம் வாங்குனதுல உங்கப்பா ஏமாறல மேரி. அசல் சீமை எஃகுதான். பல்லு வெச்சதும் இன்னாமா அறுக்குது!"