சுடாத சுண்ணாம்பு

"கூடப்பொறந்தவனா நெனச்சேனேலே, துரோகி!"

மாசானம் எட்டிப் பிடித்ததில் காசிலிங்கத்தின் சட்டைப் பித்தான்கள் தெறித்து விழுந்தன. காசிலிங்கம் அவனுக்குச் சித்தப்பா மகன். பெரியதாழை போகிற சாலையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு விற்கும் கடை அவனுடையது.

பனைமரத்தடியில் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஜெபசிங் நின்றிருந்தார். மாசானம் அப்போதுதான் இறக்கிய கலயம் நுரைத்துப் பொங்கியது. மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, புளித்த வாடை ரோடு வரை போனது.

கள்ளுக்கடைகளை மூடி மதுவிலக்கு மறுபடி வந்திருந்த நேரம். பதநீர் இறக்க லைசென்ஸ் கொடுத்தார்கள், ஆனால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். காற்றில் திரியும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்குப் பனஞ்சாற்றின் இனிப்பு கல்யாணச் சாப்பாடு. சுண்ணாம்பு இருந்தால்தான் அடங்கிக் கிடக்கும், இல்லையென்றால் விடிவதற்குள் பதநீர் கள்ளாகிவிடும்.

"உள்ள வெள்ளையாத்தான இருக்கு ஐயா!" என்றான் மாசானம்.

கட்டுவதற்கு வைத்திருந்த காலிக் கலயத்தில் விரலைவிட்டு வழித்து, இன்ஸ்பெக்டர் நாக்கு நுனியில் வைத்தார். "எங்க சுடுது? இது அரிசி மாவுல்லா!"

"இவன் கடையில வாங்கினதத்தான் எம் பொஞ்சாதி தடவுதா. மாவக் குடுத்து ஏமாத்திட்டான் ஐயா!"

காசிலிங்கம் பதறினான். "ஏலே, ஊரே எங்கிட்டதான் வாங்குது. வேற எவன் கலயமாவது புளிச்சிருக்கா? போன வாரம் நீ மயங்கி மட்டையில தொங்குனப்ப ஏறி எறக்குனது யாரு? இனி ஏறுனா ஆள் இருக்காதுன்னு டாக்டரு சொல்லியும் மறுநாளே ஏறுத. உனக்கு நான் கெடுதல் நெனப்பனா?"

"நான் செத்தா எம் பனைய எடுத்துக்கலாம்னு பாத்த. சாகலன்னதும் லைசென்ஸுல கைய வச்சிட்ட!"

பளாரென்று அறை விழுந்தது. காசிலிங்கம் திருப்பி அடிக்கவில்லை, கண் மட்டும் கலங்கியது. செய்யாத தப்புக்கு வாங்குகிற அறை கூடுதலாகவே வலிக்கும்.

மாசானத்தின் மனைவி செல்லக்கனி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். "அவுகள அடிக்காதீய! அவுக ஒரு பாவமும் அறியாதவுக."

"சும்மா கெட ஏளா. உனக்கு மனுசங்களத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் லைசென்ஸை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாசானம் மரத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பிழைப்பு போனதைவிட, ஒரே தட்டில் தின்றவன் கெடுத்துவிட்டானே என்றுதான் அவனுக்கு ஆறவில்லை.

ஜீப் வரை பின்னாலேயே வந்த செல்லக்கனியைப் பார்க்க இன்ஸ்பெக்டருக்கு இரக்கமாக இருந்தது.

"ஏம்மா, உம் புருசன் பொய் சொல்லுத ஆளாத் தெரியல. மாவு தடவுனது யாருன்னு மட்டும் சொல்லு, லைசென்ஸத் திருப்பிக் குடுத்துருதேன்."

செல்லக்கனி திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நாந்தான் தடவுனேன் ஐயா, திருப்பி மட்டும் குடுத்துராதீய!"