செடிக்குக் காற்று

"இந்தச் சுவர்லயா? சார், அந்தப் பக்கம் உங்க தம்பி படுத்திருக்கார்!"

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த டிரில்லிங் மெஷினைக் கீழே இறக்கிவிட்டார்.

"தெரியும். என் வீட்டுச் சுவர் எனக்குத் தெரியாதா? நீ போடு" என்றார் பெரியவர்.

தரைக்குக் கீழே இருந்த சின்ன அறை அது. ஜன்னல் கிடையாது. பெரியவருக்குத் திடீரென்று செடி ஆசை வந்து, தொட்டிகளை அடுக்கி, மேலே விளக்குகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கொஞ்ச நாளிலேயே சுவரெல்லாம் ஈரம், இலையெல்லாம் பூஞ்சை. உள்ளே காற்று வந்துபோக வழி செய்யத்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தார்.

"சொன்னா கேளுங்க சார். மேலே மாட்டியிருக்கிற ஃபேன் உள்காத்தை வெளியே தள்ளிடும். கதவுக்குக் கீழே ஒரு கம்பி வலை வச்சா, வெளிக்காத்து சுத்தமா உள்ளே வரும். செடி ஜம்முனு வளரும். சுவர்ல ஓட்டை போட்டா, அவர் ரூம் காத்துதான் இங்கே வரும். இருமல் காத்து சார் அது."

"கதவுல ஒண்ணும் வேண்டாம். இடுக்குல ரப்பர் பட்டை ஒட்டி நல்லா அடைச்சிடு. ஓட்டை இங்கேதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. கேட்கிறவர் நெஞ்சும் சேர்ந்து வலிக்கிற இருமல்.

பாகம் பிரித்தபோது கீழ்த்தளத்தின் நடுவே இந்தச் சுவரை எழுப்பியவர் பெரியவர்தான். அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை. சின்னவர் தன் பங்குக்கு வந்த மாடியை விற்று வைத்தியம் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த இந்தப் பாதியில் தனியாகக் கிடந்தார். நுரையீரல் கெட்டுப்போய், ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவரின் மனைவி படியிறங்கி வந்தார்.

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? மூச்சு விடவே திணறுற மனுஷன் ரூம்லேர்ந்து காத்தை உறிஞ்சி செடிக்குக் குடுக்கணுமா? பார்க்கிறவங்க காறித் துப்ப மாட்டாங்க?"

"துப்பட்டும். செடிக்கு ஈரம் நல்லதுதான்."

"சமையல் ரூமுக்கு ஒரு ஃபேன் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். இங்கே செடிக்கு ராஜ உபசாரம்! உங்களோட பேசறதுக்கு இந்தச் சுவரோட பேசலாம்."

அந்தம்மா விடுவிடுவென்று மேலேறிப் போய்விட்டார்.

மெஷின் அலறியது. செங்கல் பொடி கொட்டியது. சுவரின் மேல் பகுதியில் ஓட்டை விழுந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து சின்னவர் குரல் வந்தது.

"யாருப்பா அது? யாரைக் கேட்டு என் சுவரை உடைக்கிறே?"

எலக்ட்ரீஷியன் விழித்தார். "இல்ல சார்... செடிக்கு..."

"சுவர் நான் கட்டினதுன்னு சொல்லுப்பா" என்றார் பெரியவர், சுவரைப் பார்க்காமல்.

"என் நிம்மதியைப் பறிச்சாச்சு. காத்தையும் பறிக்கணுமான்னு கேளுப்பா அந்தாளை."

இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். நடுவில் தபால்காரர் வேலை எலக்ட்ரீஷியனுக்கு. சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்றிருந்தது. இப்படிப்பட்ட கல்நெஞ்சுக்காரர் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டார்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. உடனே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பழைய போர்வையைக் கம்பால் தள்ளி ஓட்டைக்குள் திணித்தார் சின்னவர். ஃபேன் உறுமியது.

பெரியவர் கத்துவார் என்று பார்த்தால், கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. சுவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"விடுப்பா. அடைச்சா யாருக்கு நஷ்டம்? செடிதான் மூச்சு முட்டிச் சாகும். வாயில்லாத ஜீவன், அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?"

அந்தப் பக்கம் ஸ்டூலை இழுக்கிற ஓசை. ஓர் இருமல். போர்வையின் ஓரம் விலகி, ஒரு கண் எட்டிப் பார்த்தது. வாடிக் கிடந்த செடிகளைப் பார்த்துக்கொண்டே நின்றது.

"செடிக்காகத்தான் எடுக்கிறேன்னு சொல்லுப்பா. அந்தாளுக்காக இல்ல."

போர்வை உள்ளே போய்விட்டது.

ஃபேனுக்கு வெளிப்புறம் மூடி மாட்ட எலக்ட்ரீஷியன் வெளியே போனார். சின்னவரின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வந்தபோது அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த வாசல் திரை, இப்போது உள்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. வெளிக்காற்று வாசல் வழியாக நுழைந்து, கட்டிலைக் கடந்துதான் ஓட்டைக்குப் போனது. கட்டிலில் சின்னவர் காற்று வருகிற திசைக்கு முகத்தைக் காட்டியபடி, கண்ணை மூடிப் படுத்திருந்தார். இருமலைக் காணோம்.

எலக்ட்ரீஷியன் திரும்பி வந்தார்.

"சார், நல்ல காத்தெல்லாம் உங்க தம்பி மேலதான் அடிக்குது. செடிக்கு வர்றது மிச்சம் மீதிதான். ரொம்ப நாள் தாங்காது, அழுகிடும்."

"மெதுவா பேசுப்பா, அவன் காதுல விழுந்துடப் போகுது" என்று பதறினார் பெரியவர். "அழுகினா வேற செடி வாங்கி வச்சிடறேன். சாப்பாடு அனுப்பினேன், திருப்பிட்டான். டாக்டரை அனுப்பினேன், கதவைத் திறக்கல. என்கிட்டேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா, காத்தைக்கூட உள்ளே விட மாட்டான்."