சேற்றுத்திட்டுக்கு வழி சொன்னவர்

"செல்லதுரை, இன்னிக்காவது கார்டு உண்டா?"

"இல்ல சாமி." தபால்காரர் செல்லதுரை சைக்கிளிலிருந்து காலைக்கூட ஊன்றவில்லை.

கொச்சங்காடி மிளகுக் கிட்டங்கி குமாஸ்தா வைத்தீஸ்வரனின் முகம் தொங்கிப்போயிற்று. மூன்று வாரமாக இதே பதில்.

முதல் கார்டு வந்து ஐந்து மாதமாகிறது. மலையாளத்தில் இரண்டே வரி: 'கும்பளங்கி சீனவலைக்குத் தெற்கே, சேற்றுத்திட்டில் உள்ளான் பறவைக் கூட்டம். காலை ஆறு மணிக்குப் போனால் பார்க்கலாம்.' கையெழுத்து இல்லை. போனார், மலைத்து நின்றார். பிறகு வாரம் இரண்டு கார்டு. கண்ணமாலி, செல்லானம் என்று கரையெல்லாம் புதுப்புது இடங்கள். ராத்திரி மூக்குமுட்டக் குடித்தவனால் காலை ஆறு மணிக்குச் சேற்றில் நிற்க முடியுமா? கள்ளை விட்டே விட்டார்.

"அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்துடுவேன், நீலா."

"நானும்தான்," என்றாள் மனைவி நீலாம்பாள். "கார்டு வராட்டா என்ன, நீங்களே போய்ப் பாருங்கோளேன்."

"போனேனே! மூணு இடம். ஒரு காக்கா இல்லை."

அன்று சாயங்காலம் கால்கள் தாமாகவே தோப்பும்படி கள்ளுக்கடைக்கு நடந்தன.

"ஒரு குப்பி, ராசப்பா."

கடைக்காரன் ராசப்பன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "சாமிக்கு இங்க கள்ளு இல்ல."

"நாலு பேர் குடிச்சுண்டிருக்காளே!"

"அவங்களுக்கு உண்டு. சாமிக்கு இல்ல."

"அஞ்சு மாசமா வரலைன்னு கோவமா? கெஞ்ச வைக்காதே, ஊத்து."

"எந்தா சாமி இது! குடிச்சுக் கவுந்து கிடந்தப்பவும் நீங்க பேசினது பறவையப் பத்தி மட்டும்தானே. அப்படிப்பட்ட ஆளு இங்க கிடந்து சாகணுமா?"

"இப்போ அது எதுக்கு?"

"கரை முழுக்கத் தென்னை ஏறுறவங்க கள்ளு கொண்டு இங்கதான் வராங்க. மேலேருந்து கண்டதையெல்லாம் எங்கிட்ட சொல்லுவாங்க. செல்லானத்துல ஆலாப் பறவை எறங்கியிருக்காம். காலைல போங்க."

"அப்போ அந்தக் கார்டெல்லாம்..." வைத்தீஸ்வரன் ஓரடி முன்னால் வந்தார்.

ராசப்பன் தோளில் கிடந்த துண்டை விலக்கினான். வலது கை முழுக்க மாவுக்கட்டு.

"படியில வழுக்கிட்டேன் சாமி. அதான் மூணு வாரமா எழுத முடியல."