மூன்றாவது வாக்கியம்

தணிகாசலம் பதவி உயர்வுக்காக மாலை நேர ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். வகுப்பு உள்ள நாட்களில் மட்டும் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வதை அவன் மனைவி பூங்கோதை கவனித்திருந்தாள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு வினைச்சொல் தருவார்கள். அதை வைத்துச் சொந்த வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியங்கள் எழுத வேண்டும். அவன் குளிக்கப் போன நேரத்தில் அவள் நோட்டைப் பிரித்தாள். நேற்றைய சொல் ‘ஓவர்கம்’. எதிரே தமிழில், கடந்து வருதல், மீண்டு வருதல் என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் வாக்கியத்தில் தண்ணீர்ப் பயத்தைக் கடந்திருந்தான். அடுத்ததில் மஞ்சள்காமாலையிலிருந்து மீண்டிருந்தான். மூன்றாவதில் மனைவி செத்துப்போன துக்கத்திலிருந்து மீண்டிருந்தான். மற்றவற்றுக்கு வெறும் டிக். அதற்கு மட்டும் டீச்சர் சிவப்பு மையில், தமிழிலேயே, ‘உங்கள் மன உறுதி எனக்கும் ஆறுதல்’ என்று எழுதியிருந்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் நோட்டை நீட்டினாள். “செத்தது யாரு பொண்டாட்டி?”

“புஸ்தகத்துல இருக்கிற உதாரணம்டி. அப்படியே பார்த்து எழுதினேன்.”

அவள் அவன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். விரல் வைத்து இரண்டு முறை படித்தாள்.

“இதுல அப்பான்னுதானே போட்டிருக்கு?”

தணிகாசலம் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தான். கூடத்தில் அவன் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெதுவா பேசு,” என்றான். “அப்பா உயிரோட இருக்கும்போது எப்படி அப்படி எழுதறது? கை வருமா?”